கணக்கு ஏன் உதைக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு வாசகருக்கு விடை எழுதும்போது, ‘கணக்கு உதைக்கிறது’ என்பதும் உருவகம்தான் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு, தொண்டி முதல் மூக்கையூர் வரை இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை நெடுகிலும் இருந்து கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அந்தப் பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயரை விடுத்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன். நானும் பாம்பன்காரன் என்பதால், விடைகளில் உப்புக்காற்று சற்றுக் கூடுதலாக வீசினால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: உருவகம் அணியிலக்கணத்தில் வருவது, செய்யுளுக்கு அழகு சேர்ப்பது. அதைக் கடைக்கணக்கிலும் அறிவியலிலும் தேடுவது வலிந்து பொருள் கொள்வது ஆகாதா? (தமிழாசிரியர், தேவிபட்டினம்)

‘மலர்முகம்’ என்றால் மலர் போன்ற முகம். ‘முகமலர்’ என்றால் முகமே மலர். முன்னது உவமைத்தொகை, பின்னது உருவகம் என்று தாங்கள் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதிலிருந்தே தொடங்குகிறேன். ‘போன்ற’ என்ற சொல் விழுந்ததும் இரண்டு பொருள்களுக்கு இடையே இருந்த தூரமும் விழுந்துவிடுகிறது. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடுகிறோம் என்ற நினைவே கேட்பவருக்கு வருவதில்லை. செய்யுளில் அது அழகு. விலை ஏறுகிறது, மனம் கனக்கிறது, கடனில் மூழ்கினான், வயிறு எரிகிறது என்று நாள் முழுவதும் நாம் பேசுவதிலும் அதே வேலைதான் நடக்கிறது. அங்கே அதை யாரும் அணி என்று அடையாளம் காண்பதில்லை, அவ்வளவே வேறுபாடு. ஜார்ஜ் லேக்காஃப், மார்க் ஜான்சன் ஆகிய இரு அமெரிக்க அறிஞர்கள் 1980இல் இதை விரிவாக எழுதினார்கள். நேரத்தைப் பணமாக எண்ணப் பழகிய சமூகம்தான் நேரத்தைச் செலவழிக்கும், மிச்சப்படுத்தும், வீணாக்கும் என்பது அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டுகளில் ஒன்று.

உவமை பிறக்கும் இடங்களை வினை, பயன், மெய், உரு என்று தொல்காப்பியம் நான்காக வகுக்கிறது. மெய் என்பதற்கு வடிவு என்றும், உரு என்பதற்கு நிறம் என்றும் உரையாசிரியர்கள் பொருள் சொல்கிறார்கள். இவற்றைச் செய்யுளில் தேடுவதற்கு முன் ஒருநாள் காலையில் மீன் இறங்குகிற கரையில் தேடிப் பாருங்கள். கடற்பசு கடற்புல்லை மேய்வதால் அந்தப் பெயர் பெற்றது, அது வினை. கடற்குதிரை தலையின் வடிவத்தால் குதிரையானது, அது மெய். பவளவாய் என்கிறபோது நிறம். கடல் அட்டை மீண்டும் வடிவுதான். ஆனால் அதே உயிரை ஆங்கிலக்காரர் கடல் வெள்ளரி என்கிறார். ஒரு மொழியில் இரத்தம் உறிஞ்சும் பூச்சி, இன்னொரு மொழியில் காய்கறி! உண்மையில் அது மணலை விழுங்கி, அதில் கலந்திருக்கும் மக்கிய பொருளைத் தின்று, மணலைச் சுத்தமாக வெளியே விடுகிற துப்புரவுத் தொழிலாளி (இதோ, நானும் ஓர் உருவகத்தைச் செருகிவிட்டேன்). 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கிற அதே பட்டியலில் இருக்கிறது. ‘போயும் போயும் அட்டைக்கா இவ்வளவு காவல்?’ என்ற முணுமுணுப்புக்கு வயிற்றுப்பாடுதான் முதல் காரணம் என்றாலும், அந்தப் பெயருக்கும் அதில் ஒரு சிறு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

கணக்கு உதைப்பதற்கு வருகிறேன். வரவும் செலவும் ஒட்டாதபோது, கறக்க விடாத மாட்டைப் போலக் கணக்கு உதைக்கிறது என்கிறோம். எழுதியவர் எங்கோ பிழை செய்தார் என்பது பின்னுக்குப் போய், கணக்கு தானே முரண்டு பிடிப்பதாக ஆகிவிடுகிறது. குற்றம் ஆளிடமிருந்து தாளுக்கு மாறுகிற இந்த வசதிக்காகவே அந்தச் சொல் கடைத்தெருவில் இத்தனை காலம் நிலைத்திருக்கிறது என்பது என் ஊகம்.

கேள்வி: ‘இரண்டு பெண்களைக் கரை சேர்த்துவிட்டேன், இன்னும் ஒன்று பாக்கி’ என்று என் தந்தையார் வருகிறவர்களிடம் சொல்கிறார். அந்தப் பாக்கி நான்தான். கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. வெறும் வழக்குச் சொல்லுக்கு நான் அதிகப் பொருள் கொள்கிறேனா? (கல்லூரி மாணவி, தங்கச்சிமடம்)

இல்லை, சரியான அளவுக்குத்தான் கொள்கிறீர்கள்.

‘பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார், இறைவன் அடிசேரா தார்’ என்ற குறளைப் பள்ளியில் ஏகதேச உருவகத்துக்கு எடுத்துக்காட்டாகப் படித்திருப்பீர்கள். பிறவியைக் கடலாக்கிய வள்ளுவர், இறைவன் அடியைத் தெப்பம் ஆக்காமல் விட்டுவிட்டார். ஒன்றை உருவகம் செய்து, அதனோடு இணைந்த மற்றொன்றைச் செய்யாமல் விடுவதே ஏகதேசம். கேட்பவர் அந்த இடைவெளியைத் தாமே நிரப்பிக்கொள்கிறார். கரை சேர்ப்பதும் அப்படித்தான். கரை எது என்று சொல்லியாயிற்று: திருமணம். கடல் எது, படகு எது, துடுப்பு யார் கையில் இருக்கிறது என்பதெல்லாம் சொல்லப்படவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. பிறந்த வீடு அலைக்கழிக்கும் கடல், பெண் தானாக நகர முடியாத சரக்கு, துடுப்பு போடுகிறவர் தந்தை. கரையில் இறக்கிவிட்டால் துடுப்பு போட்டவரின் வேலை முடிந்தது. இறக்கிவிட்ட பெண் ஒருநாள் அழுதுகொண்டு திரும்பி வந்தால் அவளை எங்கே உட்கார வைப்பது என்பதற்கு இந்த உருவகத்தில் இடமே இல்லை. என்னைக் கேட்டால் ‘கரை’யைவிடப் பொல்லாத சொல் ‘பாக்கி’. அது மகளைத் தீர்க்கவேண்டிய கடனாக்குகிறது.

உங்கள் தந்தையாருக்கும் நியாயம் செய்யவேண்டும். தொழிலுக்குப் போனவர் திரும்பும்வரை அடுப்பில் கவனம் செல்லாத வீடுகள் நம் பக்கத்தில் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். அத்தகைய ஊரில் ‘கரை’ என்ற சொல்லைவிட ஆறுதலான சொல் இருக்க முடியாது. அவர் அந்த ஆறுதலைத்தான் சொல்ல முற்படுகிறார். ஆகவே அவருடைய மொழியிலேயே அவரோடு பேசிப் பாருங்கள். விசைப்படகு தொழிலுக்குப் போகாமல் கிடப்பது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில். மரப்படகைக் கரையேற்றி வைப்பது பழுது பார்க்க. அதற்கு மேலும் வெயிலில் கிடந்தால் பலகை உலர்ந்து சுருங்கி, இணைப்புகள் வாய் பிளந்துவிடும். மறுபடி இறக்கும்போது தண்ணீர் உள்ளே வரும். படகு கட்டுவது கரையில் நிறுத்தி வைப்பதற்காகவா என்று கேளுங்கள். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்க்கிறேன்.

கேள்வி: மின்னோட்டத்தைக் குழாயில் ஓடும் தண்ணீர் என்று நினைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அப்படியானால் சுவிட்சை அணைத்த பிறகு கம்பியில் மிச்சம் இருக்கும் கரண்ட் எங்கே போகிறது? கேட்டதற்கு வகுப்பே சிரித்தது. (பிளஸ் டூ மாணவர், கீழக்கரை)

சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு விடை தெரியும் என்று அடுத்த முறை கேட்டுப் பாருங்கள். நீங்கள் செய்திருப்பது, ஓர் உருவகத்தை அது நிற்கிற எல்லைவரை கொண்டுபோய், அங்கே கால் வைத்துப் பார்த்தது.

முதலில் அது பொருந்தும் இடங்களைப் பார்ப்போம். மாடியில் இருக்கும் தொட்டியின் உயரம் மின்னழுத்தம். குழாயில் செல்லும் நீரின் அளவு மின்னோட்டம். குழாய் குறுகியிருப்பது மின்தடை. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. செப்புக் கம்பியில் எலக்ட்ரான்கள் முன்னேறுகிற சராசரி வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு; நத்தையே முந்திவிடும். அப்படியிருந்தும் சுவிட்சைப் போட்டவுடன் விளக்கு எரிவது எப்படி? குழாயில் ஏற்கனவே தண்ணீர் நிறைந்திருப்பதால்தான், மாடியில் அழுத்தம் கொடுத்ததும் கீழே நீர் கொட்டுகிறது. தொட்டியில் உள்ள துளி குழாய் வாய்க்கு வந்து சேரும்வரை நாம் காத்திருப்பதில்லை. கம்பியிலும் எலக்ட்ரான்கள் எப்போதும் நிறைந்தே இருக்கின்றன.

பொருந்தாத இடம் நீங்கள் கேட்டது. குழாயை வெட்டினால் தண்ணீர் வெளியே கொட்டும். கம்பியைத் துண்டித்தால் ஒன்றும் கொட்டாது, ஓட்டம் நின்றுவிடும். மின்னோட்டம் என்பது ஒரு பொருளின் பெயர் அன்று, நகர்வின் பெயர். நகர்வு நின்ற பிறகு ‘மிச்சம்’ என்று எதுவும் இல்லை. எலக்ட்ரான்கள் இருந்த கம்பியிலேயே இருக்கின்றன. கடைத்தெரு ஊர்வலம் கலைந்ததும் ஊர்வலம் எங்கே போயிற்று என்று கேட்க முடியாது, ஆட்கள்தான் இருப்பார்கள்.

ஊர்வலம் என்றதும் ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. டெட்ரி ஜென்ட்னர், டொனால்ட் ஜென்ட்னர் ஆகிய இருவர் மாணவர்களை வைத்துச் செய்து 1983இல் வெளியிட்டது அது. மின்னோட்டத்தைத் தண்ணீராக நினைத்தவர்களும் உண்டு, நெரிசலாக நகரும் கூட்டமாக நினைத்தவர்களும் உண்டு. மின்கலங்களைப் பற்றிய கணக்குகளில் தண்ணீர்க்காரர்கள் தேறினார்கள். மின்தடைகளைப் பற்றிய கணக்குகளில் கூட்டக்காரர்கள் தேறினார்கள். காரணம் எளிது. ஒரு தொட்டியின்மேல் இன்னொரு தொட்டியை வைத்தால் உயரம் கூடி அழுத்தம் இரட்டிப்பாகும். பக்கத்தில் வைத்தால் அழுத்தம் அப்படியே இருந்து, தண்ணீர் மட்டும் கூடுதல் நேரம் வரும். தொடராகவும் பக்கமாகவும் இணைத்த மின்கலங்கள் நடந்துகொள்வதும் இப்படியே. ஆனால் இரண்டு மின்தடைகளைப் பக்க இணைப்பில் போட்டால் மொத்தத் தடை ஏன் குறைகிறது என்பதற்கு, ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு விழாவின் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குறுகலான வாசல் இருந்த இடத்தில் அதே அளவில் இன்னொரு வாசலையும் திறந்துவிட்டால் நெரிசல் கூடுமா, குறையுமா? வாசல் ஒவ்வொன்றும் தடைதான். இரண்டாவது தடையைச் சேர்த்ததால்தான் வழி கூடியது. தேர்வுக்குப் போகும்போது தொட்டியையும் கூட்டத்தையும் இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: தனுஷ்கோடி போகும் வழியில் பயணிகளிடம் ‘இடப்பக்கம் பெண்கடல், வலப்பக்கம் ஆண்கடல்’ என்று சொல்லிக் காட்டுவது வழக்கம். போன மாதம் ஓர் அம்மா கோபித்துக்கொண்டார். நான் சொன்னதில் என்ன தவறு? (ஆட்டோ ஓட்டுநர், ராமேஸ்வரம்)

நம் ஊரில் பரம்பரையாகச் சொல்வதைத்தான் தாங்கள் சொன்னீர்கள். இடப்பக்கம் பாக் நீரிணை; ஆழம் குறைந்தது, பெரும்பாலும் நிலம் சூழ்ந்தது. வலப்பக்கம் மன்னார் வளைகுடா. ஆழமானது, இந்தியப் பெருங்கடலை நோக்கித் திறந்து கிடப்பது. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் வலப்பக்கம் கொந்தளிக்க, இடப்பக்கம் குளம்போல் கிடப்பதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர்கள் அவை. ஆனால் ஐப்பசி பிறந்து வாடைக்காற்று தொடங்கியதும் கதை தலைகீழாகிவிடும். அப்போது சீறுவது ‘பெண்கடல்’, அடங்கியிருப்பது ‘ஆண்கடல்’. தொழிலுக்குப் போகிறவர்கள் இதை அறிவார்கள்; அவர்களுக்கு அந்தப் பெயர் வெறும் அடையாளம். வெளியூரிலிருந்து ஒருநாள் வந்துபோகிறவர் அதை இயல்பு என்று எடுத்துக்கொள்கிறார். பெண்கடல்தானே என்று கார்த்திகை மாதத்தில் குழந்தையைத் தண்ணீரில் இறக்குகிறவரை யார் தடுப்பது? 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியை அழித்த புயலுக்கு ஆண், பெண் பேதம் எதுவும் இருக்கவில்லை.

அந்த அம்மாவின் கோபம் வேறு என்று நினைக்கிறேன். கடலைப் பெண்ணாக்குகிற அதே மூச்சில் பெண்ணையும் கடலாக்கிவிடுகிறோம்: அமைதியாக இருப்பதுதான் உன் இயல்பு என்று. வடகடல், தென்கடல் என்று சொல்லி, எந்த மாதத்தில் எது சீறும் என்பதையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். கதை இன்னும் சுவையாக இருக்கும், பாதுகாப்பும்கூட.

கேள்வி: கொரோனா காலத்தில் முதல் அலை, இரண்டாம் அலை என்றார்கள். கடலோரத்திலேயே வாழ்ந்த எனக்கு அது ஒட்டவே இல்லை. அது சரியான உருவகமா? (ஓய்வுபெற்ற அரசு ஊழியர், மண்டபம்)

தினசரி நோயாளிகளின் எண்ணிக்கையைத் தாளில் கோடாக வரைந்தால் அது ஏறி, உச்சி தொட்டு, இறங்கும். அந்தக் கோட்டைப் பார்த்தவர்கள் அலை என்றார்கள். தொல்காப்பியர் கணக்கில் அது மெய் ஒப்புமை. வினையில் ஒப்புமை இல்லை. தங்களுக்கு ஒட்டாததன் காரணம் அதுதான். கடல் அலை நாம் வீட்டில் இருந்தாலும் வரும், கரையில் நின்றாலும் வரும். ‘அலை எப்போது ஓயும், தலை எப்போது முழுகுவது’ என்ற பழமொழியே நம்மைக் கேட்டு அலை வருவதில்லை என்பதைச் சொல்வதுதான். தொற்றுநோயின் அலையோ, நாம் ஒருவரை ஒருவர் சந்திப்பதாலேயே ஆனது. அதில் தண்ணீரே நாம்தான். எண்ணிக்கை இறங்கிய நாட்களில் ‘அலை திரும்பிவிட்டது’ என்று மூச்சு விட்டு, 2021 ஏப்ரல், மே மாதங்களில் நாடு பட்ட பாட்டுக்கு ஒரு சொல்லைக் குற்றவாளியாக்க மாட்டேன். ஆனால் அலை என்ற சொல் காத்திருக்கச் சொல்கிறது, தடுக்கச் சொல்வதில்லை.

இங்கிலாந்தில் உள்ள லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர் எலினா செமினோ, கொரோனாவுக்குத் தீ என்ற உருவகம் பொருத்தமானது என்று 2021இல் எழுதினார். பனையோலைக் கூரைகள் நெருங்கி நின்ற பழைய மீனவர் குடியிருப்பில் தீப்பிடித்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எரிகிற வீட்டில் தண்ணீர் ஊற்றுவார்கள் சிலர். விவரம் தெரிந்தவர்கள் இன்னும் பற்றாத அடுத்த கூரையைப் பிரித்துப் போடுவார்கள். நடுவில் இடைவெளி விழுந்தால் தீ தாண்டாது. தனித்திரு, விலகியிரு என்று ஆயிரம் முறை ஒலிபெருக்கியில் சொன்னதைவிட, பிரித்துப் போட்ட அந்த ஒரு கூரை நன்றாகப் புரிய வைத்திருக்கும்.

அலை என்ற சொல் அறிஞர்களையும் அலைக்கழித்திருக்கிறது. வலையின் மிதவையைக் கவனித்திருப்பீர்கள். அலை வரும்போது மேலே எழும்பி, போனதும் ஏறக்குறைய பழைய இடத்திலேயே இறங்கும். கரையை நோக்கி வருவது தண்ணீர் அன்று, அசைவுதான். ஒளியும் ஓர் அலை என்று கண்டதும், அசைவதற்கு அங்கேயும் ஏதோ ஒன்று இருந்தாக வேண்டுமே என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இயற்பியலாளர்கள் எண்ணினார்கள். கடலுக்கு நீர், ஒலிக்குக் காற்று, ஒளிக்கு ‘ஈதர்’ என்று பெயரும் வைத்தார்கள். மைக்கல்சனும் மார்லியும் 1887இல் மிக நுட்பமான சோதனை செய்து தேடியும் அதன் சுவடு கிடைக்கவில்லை. 1905இல் ஐன்ஸ்டைன் அது தேவையே இல்லை என்று ஒதுக்கினார். ஆயினும் அலைநீளம், அதிர்வெண் எல்லாம் அதே உருவகம் ஈன்ற பிள்ளைகள்; அவை இன்றும் வேலை செய்கின்றன.

கேள்வி: ‘பணவீக்கம்’ சரியான மொழிபெயர்ப்பா? (வணிகர், தொண்டி)

மொழிபெயர்ப்பில் உருவகம் மாறிவிட்டது. ‘இன்ஃப்ளேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லில் இருப்பது காற்று ஊதிப் பெருக்குவது. நம் சொல்லில் இருப்பது உடம்பு வீங்குவது. பலூனுக்குக் காற்றை இறக்கினால் போதும், வீக்கத்துக்கு மருத்துவர் வேண்டும். ‘பொருளாதார மந்தம்’ என்பதும் வயிற்று மந்தத்தையே நினைவூட்டுகிறது. தமிழில் பொருளாதாரம் எப்போதும் ஒரு நோயாளியாகவே இருந்து வருகிறது. நாட்டு நடப்பைப் பார்த்தால் குறை சொல்லத் தோன்றவில்லை.

கேள்வி: என் தாயாருக்குப் புற்றுநோய் சிகிச்சை நடக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ‘தைரியமாகப் போராடுங்கள், ஜெயித்துவிடுவீர்கள்’ என்கிறார்கள். அம்மா என்னிடம் மட்டும், ‘நான் என்ன பட்டாளத்துக்காரியா?’ என்று கேட்கிறார். என்ன சொல்லட்டும்? (வாசகி, இராமநாதபுரம்)

தங்கள் தாயார் கேட்ட கேள்வியை அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1978இல் ஒரு நூலாகவே எழுதினார். அவரும் அந்த நோய்க்குச் சிகிச்சை பெற்றவர். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1971இல், அமெரிக்க அதிபர் நிக்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டபோது தொடங்கியதாகச் சொல்லப்படுவது ‘புற்றுநோய்க்கு எதிரான போர்’. போர் என்று பெயர் வைத்தால் பணம் ஒதுக்கலாம், மக்களைத் திரட்டலாம். ஆனால் நோயாளியின் படுக்கைக்கு அருகே வரும்போது அதே சொல் வேறு வேலை செய்கிறது. உடம்பு போர்க்களமாகிறது, நோயாளி படைவீரர் ஆகிறார், சோர்ந்து படுத்தால் கோழை. ‘நோயோடு போராடித் தோற்றார்’ என்று எழுதும் அஞ்சலிக் குறிப்பு, போனவர் சரியாகப் போரிடவில்லை என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

போர் உருவகத்துக்கு இன்னொரு பக்க விளைவும் உண்டு. டேவிட் ஹவுசர், நார்பர்ட் ஷ்வார்ஸ் ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், புற்றுநோயைப் போர்மொழியில் படித்தவர்களிடம், புகை, மது முதலியவற்றைக் குறைத்துக்கொள்ளும் எண்ணம் குறைந்து காணப்பட்டது. போர் என்றால் பாய்வது, தாக்குவது. ‘வேண்டாம்’ என்று கையை இழுத்துக்கொள்வதற்குப் போரில் மதிப்பில்லை.

பெயர்களையே பாருங்கள். நாம் கண்டது மண்ணைப் பிளந்துகொண்டு வளரும் புற்று. பழைய கிரேக்க மருத்துவர்கள் கண்டது நண்டு; ஆங்கிலப் பெயரின் வேர் அதுதான். இரண்டிலும் படை இல்லை. நம் பாட்டிமார் அம்மை கண்ட வீட்டில் பேசிய பேச்சு அதைவிட வேறுபட்டது. அம்மை ‘வந்திருக்கிறாள்’, பிறகு ‘இறங்கினாள்’. வந்தவள் விருந்தாளி; வீட்டைக் குளிர்ச்சியாக வைத்து, வேப்பிலை செருகி, பிறர் உள்ளே வராமல் பார்த்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி மரியாதையோடு அனுப்ப வேண்டும். நோயாளி படுத்திருப்பதற்கு அங்கே முழு உரிமை உண்டு. அதே உருவகம், சாமி குற்றம் ஆகிவிடும் என்று மருத்துவரையும் தடுப்பூசியையும் தள்ளி வைக்கச் செய்ததும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது.

முன்னே சொன்ன செமினோவும் அவருடைய குழுவினரும் நோயாளிகள் தாமே எழுதியவற்றைத் திரட்டிப் படித்தபோது, போர்மொழி சிலரை நொறுக்கியது போலவே வேறு சிலருக்கு உண்மையான வலிமையைத் தந்திருப்பதையும் கண்டார்கள். ஆகவே ‘போராடு என்று யாரும் சொல்லாதீர்கள்’ என்று பொதுவாகச் சட்டம் போட முடியாது. தங்கள் தாயார் தம் சொல்லைத் தாமே தேர்ந்தெடுக்கட்டும். என் சின்னம்மா சிகிச்சையில் இருந்த மாதங்களில், ‘இன்றைக்கு வற்று’ என்பார். மருந்து ஏற்றிய மூன்றாம் நாள் அது. ஆறாம் ஏழாம் நாளில் ‘இன்றைக்கு ஏற்று’ என்று எழுந்து உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு கேட்பார். கடலின் ஏற்றவற்றத்தைச் சொன்னார் என்பது வீட்டில் எல்லோருக்கும் புரிந்ததால், வற்று நாளில் யாரும் அவரை எழுப்ப முயலவில்லை. தைரியம் சொல்லவும் போகவில்லை. வருகிறவர்களிடம், ‘அம்மாவுக்கு இன்று ஓய்வு நாள்’ என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். பட்டாளத்துக்காரர்களுக்கும் விடுப்பு உண்டு என்று அம்மாவிடம் சொல்லலாம்.

கேள்வி: நாளிதழ்களில் ‘ரவுடிகள் வேட்டை’, ‘கஞ்சா வேட்டை’ என்று தலைப்பு வருகிறது. ஒரு சொல் வாசகரின் முடிவையே மாற்றிவிடுமா? (நூலக வாசகர், சாயல்குடி)

மாற்றும் என்று ஒரு புகழ்பெற்ற ஆய்வு சொல்கிறது. பால் திபோடோ, லேரா போரோடிட்ஸ்கி ஆகியோர் 2011இல் வெளியிட்டது. ஒரு கற்பனை நகரில் குற்றங்கள் பெருகுவதைப் பற்றிய சிறு குறிப்பைப் படிக்கக் கொடுத்தார்கள். சிலருக்குத் தந்த குறிப்பில் குற்றம் ஊரை வேட்டையாடும் கொடிய விலங்கு. வேறு சிலருக்குத் தந்ததில் ஊரைப் பீடிக்கும் வைரஸ். எண்ணிக்கைகள் எல்லாம் ஒன்றே. விலங்கைப் படித்தவர்கள் பிடி, அடை என்ற பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். வைரஸைப் படித்தவர்கள் வறுமை, கல்வி முதலிய காரணங்களைச் சீர்படுத்தும் பக்கம். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, பெரும்பாலோர் எண்ணிக்கையைத்தான் காட்டினார்கள்; அந்த ஒரு சொல்லை எவரும் காரணமாக நினைக்கவில்லை என்றே சொல்லலாம்.

இத்தோடு நிறுத்தினால் பாதி உண்மைதான். வேறு ஆய்வாளர்கள் இதே சோதனையைச் செய்து 2014இல் வெளியிட்டபோது அந்த விளைவு தென்படவில்லை. ஆகவே ஒரு தலைப்பு ஒரே காலையில் வாசகரைத் திருப்பிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் முப்பது ஆண்டுகள் ஒவ்வொரு நாளும் ‘வேட்டை’ என்றே படித்துவந்த ஊரில், பிடிபட்ட இளைஞனுக்குப் பின்னால் ஒரு வீடும், அவன் பாதியில் விட்ட பள்ளியும் இருப்பது தலைப்பில் ஏறவே இல்லை அல்லவா? வேட்டையில் இரண்டே பாத்திரங்கள்தான்.

கேள்வி: ‘வலைத்தளம்’ என்றால் எங்கள் ஊரில் மீன்வலைதான் நினைவுக்கு வருகிறது. சொல்லை மாற்றலாமா? (செல்பேசிக் கடைக்காரர், ஏர்வாடி)

மாற்ற வேண்டாம். ஜெனிவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் முன்மொழிந்த அமைப்புக்குப் பின்னர் அவர் வைத்த பெயர் சிலந்தி பின்னும் வலையைக் குறிப்பது. இழைகள் எல்லாம் இணைந்திருப்பதுதான் அவர் கண்டது. தமிழில் ‘வலை’ சிலந்திக்கும் பொது, மீனுக்கும் பொது. ஆகவே இணைக்கிறது என்ற பொருளோடு பிடிக்கிறது என்ற பொருளும் நமக்கு இலவசமாகக் கிடைத்துவிட்டது. இரவு பன்னிரண்டு மணிக்குச் செல்பேசியைக் கீழே வைக்க முடியாமல் கிடக்கிறவர்களைப் பார்த்தால் நம் சொல்லே பொருத்தம்.

நான் மாற்ற விரும்புவது ‘மேகம்’ என்ற சொல்லை. படங்கள் மேகத்தில் இருக்கின்றன என்று தாங்களும் வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருப்பீர்கள். அவை இருப்பது எங்கோ ஒரு கட்டடத்தில் அடுக்கி வைத்த கணினிகளில். அந்தக் கட்டடம் வெளிநாட்டில் இருந்தால் வந்துசேர்வது பெரும்பாலும் கடலடியில் கிடக்கும் கம்பிவடங்கள் வழியாக. அந்த வடங்கள் சென்னையிலும் மும்பையிலும் கரையேறுகின்றன. மேகம் யாருக்கும் சொந்தமில்லை. அந்தக் கட்டடத்துக்கு உரிமையாளர் உண்டு, பூட்டு உண்டு, மாத வாடகையும் உண்டு.

கேள்வி: ‘முன்னாடி’ என்றால் நடந்து முடிந்ததா, நமக்கு எதிரே இருப்பதா? (எட்டாம் வகுப்பு மாணவி, மூக்கையூர்)

இரண்டும்தான். மீன்பிடித் துறைமுகத்துக்குப் படகுகள் வரிசையாகத் திரும்புவதைப் பார்த்திருப்பாய். முதலில் வந்த படகு வரிசையில் முன்னால் நிற்கும். தாமதமாக வந்தது பின்னால் நிற்கும். காலத்தையும் அப்படி ஒரு வரிசையாக நினைத்ததால், முதலில் வாழ்ந்தவர்கள் முன்னோர், இனி வரப்போகும் நாள் பின்னாள். அதே தமிழில் ‘எதிர்காலம்’ என்றும் சொல்கிறோம். அதில் காலம் வரிசையில் நிற்கவில்லை, நம் முகத்துக்கு நேரே வருகிறது. இறந்தகாலத்தைச் செத்த காலம் என்று நினைத்துக்கொள்ளாதே. பழந்தமிழில் ‘இறத்தல்’ என்றால் கடந்துபோதல்.

தென் அமெரிக்காவில் ஆன்டிஸ் மலைப்பகுதியில் அய்மாரா என்ற மொழி பேசுகிறவர்களைப் பற்றி ரஃபேல் நூன்யெஸ், ஈவ் ஸ்வீட்சர் ஆகியோர் 2006இல் எழுதினார்கள். அவர்களுக்குக் கடந்துபோனது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, ஏனென்றால் அதைப் பார்த்தாயிற்று. வரப்போவது முதுகுக்குப் பின்னால், ஏனென்றால் அதை யாரும் பார்க்கவில்லை. அங்குள்ள முதியவர்கள் நாளையைப் பற்றிப் பேசும்போது கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டுகிறார்களாம். உன் பாட்டியிடம் ‘முன்னாடியெல்லாம் நம்ம ஊர் எப்படி இருந்தது?’ என்று கேட்டு, அவர் சொல்லும்போது கை எந்தப் பக்கம் போகிறது என்று கவனித்து எழுதி அனுப்பு. அடுத்த இதழில் போடுகிறோம்.